காந்தம் மலையேறாது

ஏற்காட்டு லேடீஸ் சீட்டில் நின்றால் சேலம் நகரம் காலடியில் விரிந்து கிடக்கும். நகரத்துக்கு மேற்கே இருக்கும் கஞ்சமலையின் பாறைகளில் மாக்னடைட் என்ற காந்த இரும்புத்தாது உண்டு. நகரத்து மருத்துவமனைகளுக்குள் இருப்பது வேறு காந்தம். திரவ ஹீலியத்தில் குளிர்ந்து கிடக்கும் கம்பிச்சுருள் அது, 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா என்று கணக்கிடுவார்கள். பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு வலிமை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் ஒருவருக்கு அடிக்கடி வலிப்பு வந்தால், தலைக்குள் கட்டி இருக்குமோ என்று சந்தேகம் எழுந்தால், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அந்தக் காந்தத்திடம்தான் போயாக வேண்டும்.

மூளையின் வடிவத்தைப் படமெடுக்க, அவர் அசையாமல் படுத்திருந்தால் போதும். மூளை வேலை செய்வதைப் படமெடுக்க, அவருக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். சொல்லைப் படி, படத்தின் பெயரை மனதுக்குள் சொல், இரண்டு எண் முன்னால் வந்தது மறுபடி வந்தால் பொத்தானை அமுக்கு. இந்த வேலைகளை ஆய்வுக்கூடத்தில் ‘டாஸ்க்’ என்றுதான் சொல்கிறோம். டாஸ்க்கைத் திரையில் காட்டுவதும், காட்டிய நேரத்தைக் குறிப்பதும், வந்த பதிலைப் பதிவதும் ஒரு மென்பொருள். மூளைப் படங்களைப் பற்றி வரும் செய்திகளில் வண்ணப் பொட்டுகள் இருக்கும், பேராசிரியரின் கருத்து இருக்கும். அந்த மென்பொருள் இருக்காது. ஆனால் அந்தப் பொட்டு எதைக் குறிக்கிறது என்பது அங்கேதான் தீர்மானமாகிறது.

நான் இங்கே கேட்க விரும்புவது ஒரே கேள்வி. வேறு ஊரில், வேறு மொழியில், வேறு பழக்கத்தில் பிறந்த டாஸ்க்கை வைத்து, மலைமேல் நாகலூரிலோ மாரமங்கலத்திலோ வாழும் ஒருவரின் மூளையை நேர்மையாகப் படமெடுக்க முடியுமா? முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் கீழே இறங்குவதற்கு முன்னால் டாஸ்க் மலையேறியிருக்க வேண்டும்.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். செயல்சார் எம்.ஆர்.ஐ., அதாவது எஃப்.எம்.ஆர்.ஐ., நரம்புச் செல்களை நேரடியாகப் பார்ப்பதில்லை, இரத்தத்தைப் பார்க்கிறது. ஆக்சிஜன் உள்ள இரத்தமும் ஆக்சிஜனை இழந்த இரத்தமும் காந்தத்துக்கு வேறுவேறாக நடந்துகொள்கின்றன. 1990இல் செய்ஜி ஓகாவாவும் அவருடைய சகாக்களும் காட்டிய இந்த வேறுபாட்டை வைத்து, 1992இல் மனித மூளையின் வேலையைப் படமாக்கினார்கள். ஒரு சொல்லைக் காட்டினால் அரை விநாடியில் படித்துவிடுவோம். இரத்தம் மெதுவாகத்தான் வரும். ஐந்தாறு விநாடியில் உச்சம் தொட்டு, அடங்க இருபது விநாடி எடுத்துக்கொள்ளும்.

இவ்வளவு மெதுவான குறிக்கு மில்லிவிநாடிக் கணக்கு எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். பிழை ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்வதுதான் காரணம். சாதாரணத் திரை விநாடிக்கு 60 முறை புதுப்பித்துக்கொள்கிறது. ஒரு முறைக்கு 16.7 மில்லிவிநாடி. ஒவ்வொரு சொல்லையும் மென்பொருள் ஒரே ஒரு திரைவீச்சு தாமதமாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 120 சொற்கள் முடியும்போது இரண்டு விநாடி பிந்தியிருக்கும். ஸ்கேனர் முழு மூளையை ஒருமுறை படமெடுக்கும் நேரம் பெரும்பாலும் அதே இரண்டு விநாடிதான். கடைசிச் சொற்களின் கணக்கு முழுவதும் ஒரு படம் தள்ளி விழும். அதனால்தான் நல்ல டாஸ்க்கில் ‘முந்தையது முடிந்ததும் அடுத்தது’ என்று எழுத மாட்டோம். ‘தொடக்கத்திலிருந்து இத்தனையாவது விநாடியில் இது’ என்று எழுதுவோம்.

அந்தத் தொடக்கத்தைச் சொல்வது ஸ்கேனர். ஒவ்வொரு படத்தின் ஆரம்பத்திலும் அது ஒரு மின்துடிப்பை அனுப்பும். ‘ட்ரிகர்’ என்பது அதைத்தான். அந்தத் துடிப்பு கணினிக்குள் பெரும்பாலும் விசைப்பலகையின் ஓர் எழுத்தாக வந்து சேரும்; சில இடங்களில் ‘5’, சில இடங்களில் ஆங்கில ‘டி’. ஒருமுறை ஓர் ஆய்வுக்கூடத்தில் எல்லாம் தயாராக இருந்தது. ஆள் உள்ளே படுத்தாயிற்று, ஸ்கேனர் இரைய ஆரம்பித்தாயிற்று. திரையில் மட்டும் ‘தயாராக இருங்கள்’ என்ற வரி நகரவே இல்லை. ஒரு முழுச் சுற்று வீணான பிறகுதான் கண்டுபிடித்தோம். வழிமுறையைத் தட்டச்சு செய்தவர் கணினியைத் தமிழ்99 உள்ளீட்டிலேயே விட்டிருந்தார். தமிழ்99இல் ‘டி’ விசை ‘ஏ’ ஆகிவிடும். ஸ்கேனர் இரண்டு விநாடிக்கு ஒருமுறை ‘ஏ, ஏ’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது; மென்பொருள் ‘டி’க்காகக் காத்துக்கிடந்தது. உள்ளே படுத்திருந்த பெரியவருக்கு அந்த எட்டு நிமிடம் திரும்பி வராது. அன்றிலிருந்து விசைப்பலகையின் மொழியைப் பார்க்காமல் யாரையும் உள்ளே அனுப்பியதில்லை.

இன்னொன்று கண்ணாடி. படுத்திருப்பவரின் கண்ணுக்கு மேல் சாய்வாக ஒரு சிறு கண்ணாடி இருக்கும். தலைப்பக்கத் திரையில் விழும் படத்தை அவர் அதில்தான் பார்ப்பார். கண்ணாடி இடத்தை வலமாக்கும். மென்பொருளிலோ புரொஜெக்டரிலோ படத்தை முன்கூட்டியே திருப்பிவைக்காவிட்டால் எழுத்துகள் எல்லாம் புரண்டு தெரியும். படித்தவர் உடனே சொல்லிவிடுவார். பள்ளிக்கூடம் போகாதவர் ‘எழுத்து இப்படித்தான் போல’ என்று பேசாமல் இருப்பார். எனவே சோதித்துப் பார்க்க வேண்டியது நாம்தான்.

மென்பொருள்களில் எதைத் தேர்வது என்பதில் இன்று பெரிய சிக்கல் இல்லை. பணம் கொடுத்து வாங்குவதில் ஈ-பிரைமும் பிரசன்டேஷனும் நெடுநாளாகப் புழங்குகின்றன. மேட்லேப் தெரிந்தவர்கள் 1997இல் கட்டுரையாக அறிமுகமான சைக்டூல்பாக்ஸை விடமாட்டார்கள். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஜோனதன் பீர்ஸ் தொடங்கிய சைக்கோபை, பைத்தான் மொழியில் அமைந்தது, இலவசம். நிரல் எழுதத் தெரியாதவரும் கட்டங்களை நகர்த்தி டாஸ்க் கட்டலாம். ஓபன்செசமியும் பெபலும்கூட இலவசமே. 2020இல் பீர்ஸும் சகாக்களும் பல மென்பொருள்களின் நேரத் துல்லியத்தைக் கருவி வைத்து அளந்து வெளியிட்டார்கள். ஆய்வுக்கூடக் கணினியில் ஓடும் முன்னணி மென்பொருள்களில் தடுமாற்றம் ஒரு மில்லிவிநாடிக்கும் கீழே இருந்தது. ஆக, கட்டணம் கட்டினால்தான் துல்லியம் வரும் என்ற பேச்சு இனி செல்லாது. அரசுக் கல்லூரி ஒன்றின் பழைய மடிக்கணினியிலும் தரமான டாஸ்க் ஓடும். எனக்கு இது பெரிய செய்தி. காந்தத்தின் விலை கோடிகளில். டாஸ்க்கின் விலை, எழுதுபவரின் நேரம்.

சிக்கல் தொடங்குவது தமிழில். எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கும் பகுதி சரிவர இல்லாத மென்பொருளில் ‘கோழி’ என்று எழுதினால் கொம்பு ககரத்துக்கு முன்னால் போய் நிற்காது. பின்னால் தொங்கும், அல்லது புள்ளிவட்டத்தோடு தனியே விழும். அதைப் படிக்க எடுக்கும் கூடுதல் நேரமும் முயற்சியும் மூளைப் படத்தில் ஏறிவிடும்; ஆய்வாளர் அதற்கு ஒரு கோட்பாட்டைத் தேடிக்கொண்டிருப்பார். அனுபவப்பட்டவர்கள் சொற்களை வேறிடத்தில் ஒழுங்காக எழுதிப் படக் கோப்புகளாக மாற்றித் தருவார்கள். எளிய வழி, நம்பகமான வழி.

எழுத்துரு சரியான பிறகும் மொழி இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் நான்கெழுத்தில் முடியும். நம் ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ திரையின் பாதியை எடுத்துக்கொள்ளும், கண் இரண்டு மூன்று இடத்தில் நின்று படிக்கும். ஆங்கில டாஸ்க்கின் அரை விநாடியை அப்படியே இதற்குக் கொடுத்தால் பாதிச் சொல்தான் உள்ளே போகும். குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லச் சொல்லும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எஃப், ஏ, எஸ். இந்திய மொழிகளுக்கு, பெங்களூரின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் சோதனைத் தொகுப்பு க, ப, ம என்று மாற்றிக்கொண்டது, நல்ல மாற்றம். ஆனால் தமிழில் ‘ப’ என்ற ஓர் எழுத்துக்குள் பழமும் இருக்கிறது, பஸ்ஸும் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் இரண்டையும் சொல்வார். காதால் மட்டுமே மொழியை அறிந்தவருக்கு அவை வேறுவேறு ஒலி, பஸ்ஸை விட்டுவிடுவார். மதிப்பெண் குறையும். குறைந்தது அவருடைய மூளையா, நம் கேள்வியா?

வண்ணச் சொல்லை வேறு வண்ணத்தில் எழுதிக்காட்டும் ஸ்ட்ரூப் சோதனையில் இது தலைகீழாகிறது. 1935இல் வந்த அந்த டாஸ்க்கில் ‘சிவப்பு’ என்ற சொல் பச்சை நிறத்தில் வரும். நிறத்தை மட்டும் சொல்ல வேண்டும். படித்தவருக்கு நாக்கு தடுமாறும். படிக்கத் தெரியாதவருக்கு அந்தத் தடுமாற்றமே இல்லை. பச்சை என்றால் பச்சை. கணக்கை மட்டும் பார்ப்பவர் ‘அபாரமான மனக்கட்டுப்பாடு’ என்று எழுதிவிடலாம்.

எழுத்தறிவு மூளையைத் தொடும் விஷயம் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று இருக்கிறது. லக்னோ வட்டாரக் கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி கற்றுக்கொடுத்து, கற்பதற்கு முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்தார்கள். ஃபால்க் ஹூட்டிக், ரமேஷ் மிஸ்ரா, உத்தம் குமார் முதலியோர் சேர்ந்து செய்த அந்த ஆய்வு 2017இல் வந்தது. மூளையின் மேற்புறப் பார்வைப் பகுதிகளும் ஆழத்தில் இருக்கும் தலாமஸும் மூளைத்தண்டும் பேசிக்கொள்ளும் விதம் மாறியிருந்தது. மானேசரில் நந்தினி சாட்டர்ஜி சிங்கின் குழு 2011இல் இந்தியையும் ஆங்கிலத்தையும் ஒருசேரக் கற்றவர்களைப் படிக்கவைத்து, இரண்டு எழுத்துமுறைகளுக்கும் மூளை வெவ்வேறு பாதைகளைப் பயன்படுத்துவதைக் காட்டியது. 2013இல் சுவர்ணா அல்லாடியின் குழு ஐதராபாத்தில் மறதிநோய் கண்ட 648 பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, இரு மொழி பேசுவோருக்கு நோய் நாலரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது. படிக்காதவர்களிடமும் அந்தத் தாமதம் தெரிந்தது. இதையெல்லாம் படித்துவிட்டும், எழுத்தை நம்பியே கட்டிய டாஸ்க்கை மலைக்கு எடுத்துப்போவது கவனக்குறைவு.

உலக அளவில் நிலைமை இன்னும் ஒருபக்கச் சாய்வு. ஹென்ரிக், ஹைன், நோரென்சயான் மூவரும் 2010இல் சுட்டிக்காட்டியபடி, முன்னணி உளவியல் இதழ்களில் ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 96 விழுக்காட்டினர் உலக மக்கள்தொகையில் 12 விழுக்காடே உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். டாஸ்க்குகள் பிறந்த இடமும் அதுவே. பெயர் சொல்லும் சோதனைகளுக்கு இன்றும் எடுத்தாளப்படும் 1980ஆம் ஆண்டின் 260 கோட்டுப்படத் தொகுப்பில் பனிமனிதன் உண்டு, பனிச்சறுக்கு வண்டி உண்டு. காபித் தோட்டத்தில் களை வெட்டியே கை காய்த்தவருக்கு அதைக் காட்டி, சொல் வரவில்லை என்று எழுதுவது எப்படி நியாயம்?

மருத்துவமனையில் இது உயிர்ப் பிரச்சினை. வலிப்புக்கோ கட்டிக்கோ அறுவை செய்யுமுன், பேச்சு எந்தப் பக்கத்தில், எவ்வளவு அருகில் இருக்கிறது என்று அறிய வேண்டும். பழைய வழி, கழுத்து இரத்தக்குழாயில் மருந்து செலுத்திப் பாதி மூளையைச் சற்று நேரம் உறங்கவைக்கும் வாடா சோதனை. இன்று பெங்களூர் நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் போன்ற இடங்களில் பலருக்கு எஃப்.எம்.ஆர்.ஐ. அந்த வேலையைச் செய்கிறது. பேசினால் தலை ஆடும், படம் கெடும்; எனவே ‘மனதுக்குள் சொல்லுங்கள்’ என்பார்கள். மனதுக்குள் சொன்னாரா என்று எந்தக் கருவியும் காட்டாது. அவருக்கு வழிமுறை புரியாமல் போயிருந்தால், வெட்கத்தில் சும்மா படுத்திருந்தால், படத்தில் ஓரிடம் வெறிச்சோடித் தெரியும். பேச்சு அங்கே இல்லை என்பதற்கும், கேள்வி அவரை எட்டவில்லை என்பதற்கும் படத்தில் ஒரே தோற்றம்தான். கத்தி வைக்கும் கைக்கு அந்த வேறுபாடு தெரிந்தாக வேண்டும். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள், அந்த நோயாளி வெளியில் டாஸ்க்கைச் செய்துபார்த்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்.

மென்பொருளுக்கு வெளியேயும் சில சிக்கல்கள் இருக்கின்றன. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து, அதாவது 1820களிலிருந்து, ஏற்காடு காபி மலை. காபியிலுள்ள கஃபீன் மூளையின் இரத்த ஓட்டத்தை ஏறக்குறைய கால்பங்கு குறைக்கும். நாம் அளப்பதே இரத்தத்தைத்தான். ஆகவே பங்கேற்பாளரின் தாளில் வயதுக்குப் பக்கத்தில் ‘இன்று காபி எத்தனை மணிக்கு, எத்தனை டம்ளர்’ என்ற கேள்வியும் இருக்க வேண்டும். வழக்கமாகக் குடிப்பவரைக் குடிக்காமல் வா என்று சொல்வதும் தீர்வல்ல. தலைவலியோடு வருவார், இரத்த ஓட்டமும் மறுபக்கம் மாறும்.

அடுத்தது தாலி. காந்த அறைக்குள் உலோகம் போகக் கூடாது. மூக்குத்தி, மெட்டி, தோடு எல்லாம் கழற்ற வேண்டும். மெட்டியைக் கழற்றும் அம்மா தாலி என்றதும் கையை நெஞ்சில் வைத்துக்கொள்வார். விவரம் தெரிந்த செவிலியர் முதலில் ஒரு மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கோத்துக் கழுத்தில் கட்டிவிட்டுப் பிறகுதான் தாலியைக் கழற்றச் சொல்வார். கழுத்து ஒரு கணமும் வெறுமையாக இல்லை. அந்த ஐந்து நிமிடம் எந்த ஆய்வுக் கட்டுரையின் செய்முறைப் பகுதியிலும் வராது. அதைச் செய்யாத நாளில், உள்ளே படுத்திருப்பவர் டாஸ்க்கைக் கவனிப்பார் என்று நம்ப எனக்குத் தைரியமில்லை.

‘டாஸ்க்கே வேண்டாம், சும்மா படுக்கவைத்துப் படமெடுத்தால் மொழிச் சிக்கலே இல்லையே’ என்பது ஒரு வாதம். ஓய்வுநிலை ஸ்கேன் என்ற அந்த வழியை 1995இல் திறந்தவர் பாரத் பிஸ்வால். லக்னோ ஆய்வுகூட 2017இல் ஓய்வுநிலையைத்தான் அளந்தது. டாஸ்க் ஸ்கேனுக்கு வேறு குறையும் உண்டு: ஒரே ஆளை இரண்டு முறை எடுத்தால் படம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் கணக்கிட்டபோது, முழு ஒற்றுமைக்கு 1 என்ற அளவில் சராசரி 0.4 அளவில்தான் நின்றது. ஆகவே ஒரு தனி மனிதரை இன்னொருவரோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்ல அதை நம்பக் கூடாது, குழுக்களை ஒப்பிடலாம். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஓய்வுநிலை முழு விடை என்று எனக்குத் தோன்றவில்லை. காதடைக்கும் இரைச்சலில், வாழ்நாளில் முதல்முறையாகக் குழாய்க்குள் படுத்திருக்கும் பாட்டிக்கு அது ஓய்வா? பயப்படுவதும் ஒரு வேலைதான். டாஸ்க்கிலாவது அவர் என்ன செய்கிறார் என்று பொத்தான் சொல்லும்.

காந்தத்தை விட்டு ஆளைத் தேடிப் போகும் வழியும் உண்டு. தாரா தியாகராஜனின் குழு தலையில் மாட்டும் சிறிய இ.இ.ஜி. கருவியோடு மின்சாரம் இல்லாத குக்கிராமம் முதல் பெருநகரம் வரை 48 குடியிருப்புகளில் 402 பேரின் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்தது. கண் மூடினால் எல்லோருக்கும் எழும் என்று பாடநூல் சொல்லும் ஆல்ஃபா அலையின் வலிமை, வாழும் சூழலோடு சேர்ந்து மாறியது. ஆழத்தில் இருப்பதை இ.இ.ஜி. காட்டாது, ஆனால் மடிக்கணினி ஒன்றும் மென்பொருளும் இருந்தால் அது மலையூர்களான வாழவந்திக்கும் வெள்ளக்கடைக்கும் போகும். நிம்ஹான்ஸ் முன்னின்று நடத்திய சி-வேதா ஆய்வும் ரிஷிவேலி போன்ற கிராமப்புறக் களங்களுக்குக் கணினி டாஸ்க்குகளைக் கொண்டுபோனது.

மலைவாழ் மக்கள் இதில் சேரும்போது ஒப்புதல் என்பது கைநாட்டோடு முடிவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் பழங்குடியினரைத் தனிப் பாதுகாப்பு தேவைப்படுவோராக வைத்துப் பேசுகின்றன. என்னைக் கேட்டால் டாஸ்க்கைத் திண்ணையில் வைத்து ஓட்டிக்காட்டுவதே நல்ல ஒப்புதல் படிவம். என்ன நடக்கப்போகிறது என்று கையால் தொட்டுப் பார்த்தவர் ‘சரி’ என்றால் அது சரி. ‘வேண்டாம்’ என்றால் அதுவும் விவரம் தெரிந்து சொன்னதே.

நாகலூர்ப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் அப்படித்தான் ஒருமுறை மடிக்கணினியை வைத்தோம். ஸ்கேனர் இரைச்சலைப் பதிவுசெய்து கொண்டுபோயிருந்தோம். அட்டைப் பெட்டியில் கண்ணாடி ஒட்டியிருந்தோம். ‘படத்தைப் பாத்ததும் பேரச் சொல்லுங்கம்மா, வெளியில சத்தமாவே சொல்லுங்க’ என்றோம். அறுபது வயதைக் கடந்த அந்த அம்மா பலா, உரல், காட்டெருமை, ஏணி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். தலையில் கொண்டையும் வாலடியில் சிவப்புமாக ஒரு பறவையின் படம் வந்தது. பட்டியலில் நாங்கள் எழுதியிருந்த விடை ‘குருவி’. அவர் கொஞ்சம் முன்னால் குனிந்து பார்த்துவிட்டு, “சின்னான்” என்றார். எங்கள் குழுப் பையன் பட்டியலைப் பார்த்துத் தவறு என்று குறித்தான். அதைக் கண்டுகொண்ட அம்மா அவனைத் திண்ணையை விட்டு எழுப்பி, கொல்லைப்புறத்து ஆரஞ்சு மரத்தடிக்குக் கூட்டிப்போய், கிளையில் உட்கார்ந்திருந்ததைக் கையால் காட்டினார். இரவு ஊர் திரும்பிய பிறகு கோப்பைத் திறந்து அந்த விடையை மாற்றினோம். அவருடைய நேரம் 1.4 விநாடி என்று பதிவாகியிருந்தது.